பாட வராத பையன்களை வைத்து ஒரு மியூசிக்கல்

இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசி காலத்துச் சிறுவர் நடிகர்களைப் பற்றி இளையோருக்கான மியூசிக்கல், அதாவது பாட்டு நாடகம், எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நேரே ஷேக்ஸ்பியர் குழு ஆடிய குளோப் தியேட்டருக்குப் போய்விடுகிறார்கள். திறந்த முற்றம், ஆப்பிள் விற்கும் பெண், தரையில் நின்று கூச்சல் போடும் கூட்டம் என்று முதல் பாட்டு தானாக எழுதி வந்துவிடும். சிக்கல் இரண்டாம் காட்சியில் தொடங்கும். பெரியவர்களின் நாடகக் குழுவில் பையன்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருந்தார்கள். ஒவ்வொருவனும் ஒரு நடிகரிடம் தொழில் பழகுபவனாக ஒப்பந்தத்தில் கட்டுண்டு பெண் வேடம் போட்டான். முப்பது பிள்ளைகள் உள்ள குழுவில் நாலு பேருக்கு வேடம் கிடைக்கும். மற்றவர்கள் ஆப்பிள் விற்க வேண்டியதுதான்.

முழு நாடகத்தையும் சிறுவர்களே ஆடிய இடங்கள் வேறு. லண்டனில் அப்படி இரண்டு குழுக்கள் பேர் வாங்கின. ஒன்று, செயின்ட் பால் கதீட்ரலில் பாடிய பத்துச் சிறுவர்கள். இன்னொன்று, அரசியின் சொந்த வழிபாட்டுக்குப் பாடிய சேப்பல் ராயலின் பன்னிரண்டு சிறுவர்கள். சேப்பல் சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட ரிச்சர்ட் ஃபாரண்ட் 1576ல் லண்டனின் பிளாக்ஃபிரையர்ஸ் பகுதியில் பழைய மடத்துக் கட்டடம் ஒன்றில் இடம் பிடித்தார். அரண்மனையில் ஆடப்போகும் நாடகத்துக்கு ஒத்திகை என்ற பெயரில் காசு வாங்கிக்கொண்டு ஆட்களை உள்ளே விட்டார். அந்த அரங்கு 1584ல் முடிந்துபோனது. செயின்ட் பால் சிறுவர்களும் 1590ஐ ஒட்டி நின்றுபோய், 1599ல் மறுபடி ஆடத் தொடங்கினார்கள். 1600ல் ஹென்றி எவன்ஸ் என்பவர் அதே பிளாக்ஃபிரையர்ஸில் ஷேக்ஸ்பியர் குழுவின் நடிகர் ரிச்சர்ட் பர்பேஜ் வசமிருந்த வேறொரு கூடத்தை 21 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். வாடகை வருடத்துக்கு 40 பவுண்டு. சேப்பல் சிறுவர்களின் ஆசிரியர் நதானியேல் கைல்ஸ் அவருக்குக் கூட்டாளி.

உங்கள் கதையை 1600 டிசம்பருக்கும் 1602க்கும் நடுவில் வையுங்கள். அரசி 1603 மார்ச் 24ல் இறந்தார். சிறுவர் குழுக்களைப் பற்றிய சுவையான வம்புகளில் பாதி அதற்குப் பிறகுதான் நடந்தவை. கோவில் பாட்டுக்காரப் பையன்களை நாடகத்தில் இறக்கக்கூடாது என்ற ஆணை 1606ல் வந்தது, பர்பேஜ் கூடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது 1608ல். இரண்டும் ஜேம்ஸ் மன்னர் காலம். இவற்றை எலிசபெத் முன்னால் நடப்பதுபோல எழுதினால் வரலாறு தெரிந்த ஒரே ஒரு தாத்தா இடைவேளையில் உங்களைத் தேடி வருவார்.

இனி கதைக்கு வருவோம். 1600 டிசம்பர் 13. நார்ஃபோக் சீமையைச் சேர்ந்த கனவான் ஹென்றி கிளிஃப்டனின் மகன் தாமஸ், வயது 13 அளவில், காலையில் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறான். எவன்ஸின் ஆள் ஜேம்ஸ் ராபின்சன் வழிமறித்து அவனை பிளாக்ஃபிரையர்ஸுக்கு இழுத்துப் போகிறான். அரசியின் சேப்பலில் பாடுவதற்கு எந்தச் சிறுவனையும் பிடித்து வரலாம் என்று 1597ல் கைல்ஸுக்குக் கொடுத்த அரசாணைதான் துணிச்சலுக்குக் காரணம். அப்பா ஓடி வந்து கேட்கிறார். எந்தப் பிரபுவின் மகனையும் பிடிக்க எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று பதில் வருகிறது. அவர் கண் முன்னாலேயே பையன் கையில் ஒரு சுருள் தாளைக் கொடுத்து, மனப்பாடம் பண்ணாவிட்டால் சாட்டையடி என்கிறார்கள். அரசியின் ஆலோசனைச் சபையான பிரிவி கவுன்சிலைச் சேர்ந்த சர் ஜான் ஃபோர்டெஸ்க்யூ எழுதிக் கொடுத்த உத்தரவோடு மறுநாள்தான் மகனை மீட்க முடிகிறது. அப்பா விடவில்லை. 1601ல் ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தார். எவன்ஸ் கண்டனம் வாங்கினார்.

அந்தப் புகாரில் இன்னும் ஏழு பையன்களின் பெயர் இருக்கிறது: ஜான் சேப்பல், ஜான் மோட்டரம், நேதன் ஃபீல்டு, ஆல்வரி ட்ரஸ்ஸல், ஃபிலிப் பிக்மன், தாமஸ் கிரைம்ஸ், சால்மன் பேவி. மூன்று பேர் பள்ளி மாணவர்கள், நாலு பேர் எங்கோ தொழில் பழகிக்கொண்டிருந்தவர்கள். இவர்களுக்கு யாரும் உத்தரவு வாங்கி வரவில்லை. தாமஸ் வீடு திரும்பியதோடு கதை முடிந்துவிட்டது என்று எழுதுவது அப்பாவின் கதை. மியூசிக்கல் அந்த ஏழு பேருடையது.

புகாரில் ஒரு வாதம் உண்டு. இந்தப் பையன்களுக்குப் பாடவே வராது, பாட்டு சொல்லிக்கொடுக்கவும் யாரும் முயலவில்லை, பாட்டுக்கான அரசாணையை நாடகத்துக்கு ஆள் பிடிக்கப் பயன்படுத்தினார்கள் என்பது அது. வக்கீல் வாதம்தான், அப்படியே நம்ப வேண்டாம். பேவியைப் பிடித்தது பியர்ஸ் என்பவரிடமிருந்து. அவர் செயின்ட் பாலின் பாட்டு ஆசிரியர் எட்வர்ட் பியர்ஸ் என்றே பொதுவாகக் கொள்கிறார்கள், அங்கே பழகியவன் பாடாமல் இருந்திருக்க மாட்டான். ஆனாலும் எந்த இளையோர் குழுவின் பழைய தலைவலிக்கும் இதில் மருந்து இருக்கிறது. முப்பது பேரில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் ஹார்மனியில் தன் வரியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், மற்றவர்கள் பக்கத்தில் இருப்பவனின் வரிக்குத் தாவிவிடுவார்கள். அந்தப் பன்னிரண்டு பேரையும் சேப்பல் சிறுவர்களாக்குங்கள், மற்றவர்களைப் பிடித்து வரப்பட்டவர்களாக்குங்கள். முதலாமவர் நாலு குரலில் பாடட்டும். பின்னவர் பேச்சு, கைத்தட்டல், தாளத்தோடு வசனம், ஒற்றை மெட்டு என்று தொடங்கட்டும். யார் பாடுகிறான், யாருக்குப் பாட்டு வரவில்லை என்பதே மேடையில் அதிகாரக் கோடு ஆகிவிடும்.

தாமஸுக்கு முதல் பாதியில் ஒரு பாட்டும் தராதீர்கள். கதாநாயகனுக்கு மூன்றாவது பாட்டாக ஓர் ஏக்கப் பாட்டு வைத்தே தீருவேன் என்று இசையமைப்பாளர் பிடிவாதம் பிடிப்பார். அதைப் பேவிக்குக் கொடுத்துவிடுங்கள்.

பேவி உண்மையாகவே அந்த இடத்துக்கு உரியவன். மூன்று ஆண்டு மேடையேறிவிட்டு 1602ல், பதின்மூன்று வயதை ஒட்டி, இறந்துபோனான். கிழவர் வேடத்தில் பெயர் வாங்கியவன். நாடகாசிரியர் பென் ஜான்சன் அவனுக்கு எழுதிய இரங்கல் கவிதையில், அவன் நடிப்பைப் பார்த்து விதியே நிஜக் கிழவன் என்று ஏமாந்துபோய் அழைத்துக்கொண்டது என்கிறார். நேதன் ஃபீல்டின் அப்பா நாடகத்தைக் கடுமையாக எதிர்த்த பியூரிட்டன் போதகர். பையன் அவர் இறந்தபின் பிடிபட்டு, வளர்ந்து, ஷேக்ஸ்பியரின் குழுவிலேயே நடிகனானான், நாடகமும் எழுதினான். இந்த இருவரையும் வைத்துக்கொண்டு வேறு கற்பனைப் பாத்திரம் தேடுவது வீண்.

தொடக்கக் காட்சியையும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஜான்சனின் 'சிந்தியாவின் கேளிக்கைகள்' நாடகத்தை 1600ல் சேப்பல் சிறுவர்கள் ஆடினார்கள், நடிகர் பட்டியலில் ஃபீல்டும் பேவியும் இருக்கிறார்கள். அது தொடங்குவதே மூன்று பையன்கள் மேடையில் ஒரு மேலங்கிக்காக அடித்துக்கொள்வதில்தான். அங்கி யாருக்கோ அவனே முன்னுரை சொல்வான். சீட்டுப் போட்டுத் தீர்க்கிறார்கள். தோற்றவன் வன்மத்தில் கதை முழுவதையும் பார்வையாளர்களிடம் உளறிவிடுகிறான். நாலு நிமிடத்தில் யார் முரடன், யார் தந்திரக்காரன் என்பது அரங்குக்குத் தெரிந்துவிடும். வரிகளை எடுக்காமல் இந்த அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் தொடக்கப் பாட்டை இதன்மேல் கட்டலாம்.

குரல் விஷயம். பாடகர் சிறுவர்களின் வரியை நடு சி-யிலிருந்து அதற்கு மேல் ஸ்தாயியின் ஈ வரை எழுதுங்கள், அங்கங்கே எஃப், ஜி தொடலாம். சுருதி முழுக்க உச்சியிலேயே நின்றால் இரண்டாம் பாதியில் கத்தல்தான் மிஞ்சும். பெண் பிள்ளைகள் இந்த வரியைத் தாராளமாகப் பாடுவார்கள். பெண்ணாக வேடமிடும் பையனாக ஒரு பெண் நடிக்கும்போது அந்த மூன்றடுக்கை மறைக்க முயலாமல், அவன் அலங்காரம் செய்துகொள்வதை மேடையிலேயே காட்டிவிடுங்கள். மூன்றே நிமிடத்தில் குழப்பம் தீரும்.

மகரக்கட்டுதான் பெரிய சூதாட்டம். வேடம் கொடுத்த நாளில் வெள்ளிமணியாக இருந்தவன் மூன்று மாதத்தில் மேடையேறும்போது வேறு ஆள். பேச்சுக் குரல் தணிவது முதல் அறிகுறி, மேல் சுரங்களில் காற்று கலந்து வருவது அடுத்தது. 11 முதல் 14 வயதுப் பையன்களின் தனிப்பாட்டை ஐந்தாறு சுரத்துக்குள் எழுதுங்கள். ஒவ்வொரு பாட்டையும் இரண்டு சுருதியில், ஒன்றுக்கொன்று நாலு சுரம் தள்ளி, வாத்தியத் தாளோடு தயாராக வையுங்கள். மேடையேற்றத்துக்கு மூன்று வாரம் முன்னால் எல்லாப் பையன்களையும் மறுபடி பாடவைத்துப் பார்த்து சுருதியை முடிவு செய்யுங்கள், அதற்குப் பிறகு மாற்றினால் ஹார்மனி சிதறும். இதைக் கதைக்குள்ளேயும் இழுக்கலாம். குரல் உடைந்த சேப்பல் சிறுவர்களைப் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது, பிடித்து வரப்பட்டவனுக்கு அப்படிப்பட்ட ஏற்பாடு எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. ஒத்திகையில் குரல் உண்மையிலேயே உடைந்துவிட்ட பிள்ளைக்கு இந்தக் காட்சியைக் கொடுப்பதற்கு முன் அவனிடம் தனியாகக் கேளுங்கள். சிலர் குதூகலிப்பார்கள், சிலர் கூசிப்போவார்கள்.

வாத்தியம். பெரியவர்களின் திறந்த அரங்கில் ட்ரம்பெட்டும் முரசும். மூடிய கூடத்தில் அவை காதைப் பிளக்கும் என்பதால் ஆர்கன், லூட் என்ற மீட்டும் கம்பி வாத்தியம், வயல் (viol) என்ற வில் வாத்தியம், புல்லாங்குழல், கார்னெட் என்ற வளைந்த மரக்குழல். 1602 செப்டம்பரில் ஜெர்மானியச் சிற்றரசரான ஸ்டெட்டின் கோமகன் வந்து பார்த்தபோது, நாடகத்துக்கு முன் ஒரு மணி நேரம் இசையே நடந்ததாகவும், ஒரு பையன் பாஸ் வயலுக்குப் பாடியது அபாரம் என்றும் அவருடன் வந்தவரின் நாட்குறிப்பு சொல்கிறது. பிளாக்ஃபிரையர்ஸில் ஆகக் குறைந்த டிக்கெட்டே ஆறு பென்ஸ், குளோப்பில் ஒரு பென்னி. இந்த இசைக்கும் சேர்த்துத்தான் அந்த விலை.

இன்றைக்கு லூட் எளிதில் கிடைக்காது. நைலான் கம்பி கிடாரில் மூன்றாம் கட்டையில் கேப்போ போட்டு, மூன்றாவது கம்பியை ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு இறக்கினால் லூட்டின் சுருதி அமைப்பு வந்துவிடும். வயலுக்கு இரண்டு வியோலா, இரண்டு செல்லோ. வில்லை அழுத்தாமல், சுரத்தை நடுக்காமல் வாசிக்கச் சொல்லுங்கள். கார்னெட்டுக்கு மியூட் போட்ட ட்ரம்பெட் ஒப்பேறும். கீபோர்டில் ஹார்ப்ஸிகார்ட் ஓசையை மட்டும் தொடர்ந்து தட்டாதீர்கள், அது பத்து நிமிடத்தில் சலித்துவிடும். 'கிரீன்ஸ்லீவ்ஸ்' மெட்டையும் விட்டுவிடலாம். 1580லேயே பதிவான பாட்டு என்பதால் காலத்துக்குப் பொருந்தும், ஆனால் ஐஸ்கிரீம் வண்டி வாசித்து வாசித்தே அதைத் தேய்த்துவிட்டது.

சிறுவர் நாடகங்களுக்கே உரிய ஒரு பாட்டு வகை உண்டு. நாலு வயல்கள் ஒன்றையொன்று துரத்தி நுழையும், அதற்கு மேல் ஒற்றைச் சிறுவன் குரல் மெதுவாக ஒரு புலம்பலைப் பாடும். கணவனை இழந்தவளோ சாகப்போகிறவளோ பாடுவது. ஃபாரண்ட் இயற்றியவை இன்றும் கிடைக்கின்றன. பேவியின் பாட்டை இந்த வார்ப்பில் எழுதினால் அதற்கு முன்னும் பின்னும் வரும் தாளப் பாட்டுகளிலிருந்து தானாகப் பிரிந்து நிற்கும். இரண்டரை நிமிடம் போதும். நான்காவது நிமிடத்தில் பின்வரிசையில் இருமல் ஆரம்பிக்கும்.

அந்தக் காலத்து நடனங்களில் பவான் என்பதை நடைபோல எளிதாகக் கற்றுவிடுவார்கள். குதித்து ஆடும் கேலியார்ட்தான் கஷ்டம். ஆறு எண்ணிக்கையில் ஐந்து அடி: ஒன்று முதல் நாலு வரை காலை மாற்றி மாற்றி முன்னால் வீச வேண்டும், ஐந்தில் காற்றில் இருக்க வேண்டும், ஆறில் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக இறங்கி நிற்க வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் ஐந்திலேயே தரையில் இறங்கிவிடுவார்கள், அடுத்த சுற்று ஓர் எண்ணிக்கை முந்தும். கால் அசைக்காமல் ஐந்தில் வாயை மூடி மற்றதில் கைதட்டச் சொல்லி ஒரு வாரம் பழக்குங்கள். பிறகு குதிப்பு. வேகம் நிமிடத்துக்கு 90 எண்ணிக்கைக்கு மேல் வேண்டாம். பாடிக்கொண்டே கேலியார்ட் ஆட முடியாது. பன்னிரண்டு பேர் ஆடும்போது மற்றவர்கள் பாடட்டும்.

பிளாக்ஃபிரையர்ஸ் கூடம் 66 அடிக்கு 46 அடி, மெழுகுவர்த்தி வெளிச்சம். திரி கருகிப் புகையும் என்பதால் அங்கங்கே நிறுத்தித் திரியை வெட்ட வேண்டும். அந்த இடைவெளியில் இசை வாசித்தார்கள். இதை அப்படியே பயன்படுத்துங்கள்: ஒவ்வொரு அங்கத்தின் முடிவிலும் பிடித்து வரப்பட்ட பையன்கள் ஏணியோடு வந்து திரி வெட்டிக்கொண்டே பாடும் சிறிய பாட்டு, ஒரே மெட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு குரல் கூடுதல். முதல் முறை வெறும் தாளம், நான்காவது முறை முழு ஹார்மனி. அதில் சேரும் கடைசிக் குரல் தாமஸுடையது. வீட்டுக்குப் போன பிறகும் அவன் எப்படி இங்கே பாடுகிறான் என்று இயக்குநர்கள் குழம்புவார்கள். அவன் மேடையின் மறு ஓரத்தில், தன் வீட்டில் நின்று பாடினால் போதும். உண்மை நெருப்பு வேண்டவே வேண்டாம், ரஃப் என்ற மடிப்பு வைத்த கழுத்துப்பட்டை காய்ந்த சருகுபோலப் பற்றும். எல்இடி மெழுகுவர்த்திகளை ஒரே தயாரிப்பில் ஒரே நேரத்தில் வாங்கி ஒரே சுவிட்சில் போட்டால் எல்லாம் சேர்ந்தாற்போல மினுக்கக்கூடும். இரண்டு மூன்று வகையைக் கலந்து, நேரம் தள்ளித் தள்ளி எரியவிடுங்கள்.

உடையில் காசை எல்லாம் ரஃப்பில் கொட்டாதீர்கள். பிள்ளையின் கழுத்து 30 செ.மீ. என்றால் ஏறத்தாழ 3 மீட்டர் முதல் மூன்றரை மீட்டர் வரை ஆர்கண்டித் துணி மடிப்புக்குப் போகும். அகலம் 6 செ.மீ.க்கு மேல் போனால் தாடை மேலே தூக்கி, தொண்டை இறுகி, மேல் சுரம் கீச்சிடும். தன் காலடியும் தெரியாது, படியில் தடுக்கி விழுவார்கள். பின்னால் நாடாவால் கட்டுங்கள். வெல்க்ரோ விக்கில் சிக்கும். சட்டையில் குத்தும் மைக் ரஃப்புக்கு அடியில் புதைந்து கரகரக்கும், கன்னத்து மைக்கின் குச்சியும் மடிப்பில் உரசும். நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் ஒட்டுவதுதான் வழி.

இதைவிட மலிவான நல்ல உத்தி ஒன்று: எல்லோருக்கும் வெள்ளைப் பாடகர் அங்கி, உள்ளே நாடக உடை. அங்கியைக் கழற்றினால் நடிகன், போட்டால் தேவாலயப் பிள்ளை. பிடித்து வரப்பட்டவர்களுக்கு அங்கி கிடையாது. வளைய வைத்த பாவாடை இரண்டு பேருக்குப் போதும், கீழ் வளையத்தின் குறுக்களவு பக்கத் திரைகளின் இடைவெளியைவிடக் குறைவாக இருக்கிறதா என்று தைக்கும் முன்பே அளந்துகொள்ளுங்கள். அந்தக் காலத்தில் முகத்துக்கு ஈயம் கலந்த வெள்ளை பூசினார்கள். இன்று தண்ணீரில் கரையும் வெள்ளை, முந்தின நாள் முழங்கையில் தடவிப் பார்த்துவிட்டு. நீலம் கலந்த வெளிச்சத்தில் அது பிண நிறம் காட்டும், விளக்கை மஞ்சளுக்கு நகர்த்துங்கள்.

தாமஸ் கையில் திணித்த சுருள் வெறும் மேடைப் பொருளாக நின்றுவிடக்கூடாது. அன்றைய நடிகனுக்கு முழு நாடகம் கிடைக்காது. அவன் வசனமும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் எதிராளி பேசும் கடைசி இரண்டு மூன்று சொல்லும் மட்டும் எழுதிய நீளத் தாள்தான். அக்கால நடிகர் எட்வர்ட் அல்லெய்ன் பயன்படுத்திய சுருள் ஒன்று லண்டனின் டல்விச் கல்லூரியில் இருக்கிறது. உங்கள் ஒத்திகையில் ஒரு காட்சியை இப்படிப் பிரித்து, 15 செ.மீ. அகலத் தாளில் ஒட்டிக் கொடுத்துப் பாருங்கள். மற்றவன் பேசுவதைப் பிள்ளைகள் உண்மையாகக் கவனிக்கத் தொடங்குவார்கள். ஒரே குறிச்சொல் ஒரு வசனத்துக்குள் இரண்டு தடவை வந்தால் இருவரும் ஒன்றாகப் பேசி மாட்டிக்கொள்வார்கள், அதனால் பிரிக்கும்போதே அதைத் தேடி மாற்றுங்கள். பாட்டு வரிகள் பெரும்பாலும் தனித்தாளில் இருந்தன. அச்சுப் புத்தகங்களில் பாட்டுகள் விடுபட்டுப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். சிறுவர் குழுக்களுக்கு எழுதிய ஜான் லிலியின் நாடகப் பாட்டுகள் பலவும் 1632 பதிப்பில்தான் முதலில் அச்சேறின.

சாட்டையடி மிரட்டலைச் சிரிப்புக் காட்சியாக்கும் ஆசை வரும். எவன்ஸை மீசை முறுக்கும் வில்லனாக்கினால் அந்த ஆசை இன்னும் கூடும். அவரை வசீகரமான ஆளாக வையுங்கள். பாதிப் பையன்களுக்கு அவரைப் பிடிக்கட்டும், 1601 ஜனவரி 6ல் அரசி முன்னால் ஆடிய பெருமையும் அவர்களுக்கு வேண்டும். அடி விழுவதைக் காட்டத் தேவையில்லை, சுருளை நீட்டும் கையே போதும். அன்றைய சிறுவர் நாடகங்களின் வரிகளைக் கடன் வாங்கும்போது கவனம், இரட்டை அர்த்த வசனங்களைப் பத்து வயதுப் பிள்ளைகள் வாயில் வைத்தே காசு பண்ணினார்கள்.

மொத்தம் 80 நிமிடம், 11 பாட்டு, ஓர் இடைவேளை. பன்னிரண்டு வாரம் ஒத்திகை என்றால் முதல் மூன்று வாரம் பாட்டு மட்டும், நாலாம் வாரத்தில் கேலியார்ட், காட்சிகள் அதன் பிறகு. பாடகர் குழுவையும் பிடித்து வரப்பட்ட குழுவையும் ஆறாம் வாரம் வரை வெவ்வேறு அறைகளில் ஒத்திகை பார்க்க வையுங்கள். இரண்டும் முதல்முறை சந்திக்கும்போது முறைத்துக்கொள்ளும், அந்த முறைப்பு மேடைக்குத் தேவை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பெரியவர் எத்தனை பேர் வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தின் இன்றைய விதியில் உரிமம் பெற்ற ஒரு காப்பாளர் அதிகபட்சம் 12 பிள்ளைகளைத்தான் கவனிக்கலாம். கைல்ஸ் பொறுப்பில் இருந்த சேப்பல் சிறுவர்களின் எண்ணிக்கையும் அதுவேதான், எவன்ஸ் பிடித்து வந்தவர்களைக் கணக்கில் சேர்க்காமல்.